கொலாஜன் சர்ச்சையும் இராமச்சந்திரன் வரைபடத்தின் தோற்றமும்

புரத மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவத்தைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. இதனைத் தனியொரு மேதையின் திடீர்க் கண்டுபிடிப்பாகக் கூறும் வழக்கம் உண்டு. எனினும் இதன் வேர் ஒரு மறுப்பில் உள்ளது.

1954இல் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும், தோலிலும் தசைநாணிலும் மிகுந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்றனர். மறு ஆண்டில், அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாக அம்மாதிரியைத் திருத்தினர். அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மூவிழைக் கருத்தை ஏற்றுக்கொண்டே தடை எழுப்பினர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது அவர்தம் வாதம். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற கணக்கையும் மறுத்து, ஒன்றே உண்டு என்றனர்.

எவ்வளவு நெருக்கம் மிகையானது? இராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் இவ்வினாவை ஊகத்திற்கு விடவில்லை. ஏற்கெனவே வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைத்தொலைவுகளைத் திரட்டி, ஒவ்வோர் அணு இணைக்கும் இயல்பு எல்லை, இறுதி எல்லை என இரண்டு வகுத்தனர். பிணைப்புறாத இரு கார்பன் அணுக்களுக்கு இவை முறையே 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம். பெப்டைடு பிணைப்பு ஒரே தளத்தில் அமைவது என்பதைப் பாலிங் குழுவினர் முன்னரே நிறுவியிருந்தனர். எனவே, சங்கிலியின் ஒவ்வோர் ஆல்பா கார்பனிலும் ஃபை, சை எனும் இரு சுழற்சிக் கோணங்களே எஞ்சின. இவ்விரண்டின் எல்லாச் சேர்க்கைகளையும் தளத்தில் குறித்து, அணுக்கள் மோதும் பகுதிகளை நீக்கியபோது பெரும்பரப்பு விலக்கப்பட்டதாயிற்று. ஆல்பா சுருளும் பீட்டா தகடும் எஞ்சிய சிறு பகுதிகளில் அமைந்தன. பக்கக் கிளையாக ஹைட்ரஜன் மட்டுமே உள்ள கிளைசினுக்கு மட்டும் இடம் விரிந்தது.

இதில் ஆற்றல் கணக்கீடு இல்லை. அணுக்கள் திண்கோளங்களாகவே கொள்ளப்பட்டன. அணுக்களின் இருப்பிடம் தெளியும் அளவுக்கு அறியப்பட்ட புரதமாக அன்று மயோகுளோபின் ஒன்றே இருந்தது என்பதைக் கருதினால், இவ்வெளிய அணுகுமுறையின் துணிவு விளங்கும். பின்னர் வந்த புரத அமைப்புகளின் கோணங்கள் பெரும்பாலும் இவ்வெல்லைகளுக்குள்ளேயே விழுந்தன.

கொலாஜனைப் பொறுத்தவரை முடிவு வேறு. 1994இல் வெளியான கொலாஜன் போன்ற பெப்டைடின் படிக அமைப்பு, மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றே எனக் காட்டியது.