எழுதியவை கரைசேர வேண்டும்: தமிழ் எழுத்துருக்களின் வரலாறும் நம் குடும்ப ஏடுகளும்



திருமறையின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால், மக்தபில் ஓதிய பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று; தவணை குறித்த கடனைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. எழுதி வைப்பதன் நோக்கம், பின்னாளில் ஒருவர் அதைப் படித்து உண்மையை அறிய வேண்டும் என்பதே. படிக்க இயலாத எழுத்து, எழுதாமல் விட்டதற்கு ஒப்பானது.

இந்த உண்மையை எங்கள் குடும்பம் மர்ஹூம் அத்தா அவர்களின் மறைவுக்குப் பின் உணர்ந்தது. இராயபுரத்தில் வாழ்ந்து, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கணக்கராகப் பணியாற்றியவர் அவர். தமது கொடுக்கல் வாங்கலை 2001ஆம் ஆண்டில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்வித்து, குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்தார். 2009இல் அவர் இறையடி சேர்ந்த பின் அதனைக் கணினியில் திறந்தோம். திரையில் தோன்றியது தமிழ் அன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும், இடையிடையே அரைப்புள்ளிகளுமே. எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. தொகை இருந்தது, யாருக்கு என்பது இல்லை. இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகள் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். எங்கள் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

இந்நிலை ஏன் நேர்ந்தது? இதற்கு விடை தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இருக்கிறது.

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். தொடக்ககால எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகள். எனவே எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த வரிசையில் தமிழ் எழுத்துகளை அந்த இடங்களில் அமைத்தனர். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைக் குடியேற்றின. தட்டச்சுப் பொறியைப் பின்பற்றிய அத்தகைய அமைப்பில், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் அமர்ந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினி, தான் அறிந்த ஆங்கிலத்தையே காட்டும். அத்தாவின் கோப்பில் நாங்கள் கண்ட அரைப்புள்ளிகள் எல்லாம் தமிழின் புள்ளிகளே.

இக்குழப்பத்தைத் தீர்க்க உலகெங்கும் வாழும் தமிழர் முயன்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றுவதில் முன்னின்றார். மின்னஞ்சல் குழுக்களில் கலந்துரையாடிய ஆர்வலர்களால் திஸ்கி குறியீடு உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் என்னும் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டன. ஆயினும் பல தரங்கள் இருப்பது தரமே இல்லாததற்குச் சமமாயிற்று.

நிலையான தீர்வு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியால் வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் இத்தரத்தில், 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே சாதாரணப் பயனர் அதனைக் கையாள வழி பிறந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் அரசுத் தரங்களாக ஏற்றது.

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரை மறத்தல் ஆகாது. அதிராம்பட்டினத்தில் பிறந்து, வளைகுடாவில் பணியாற்றிய உமர் தம்பி அவர்கள், ஓய்வு நேரத்தைத் தமிழ்க் கணிமைக்கு அளித்தவர். அவர் உருவாக்கிய தேனீ என்னும் இயங்கு எழுத்துரு, பழைய கணினி வைத்திருந்தோரும் எழுத்துருவைத் தனியே நிறுவாமல் ஒருங்குறித் தமிழைப் படிக்க உதவியது. தம் ஆக்கங்களை இலவசமாகவே வழங்கினார். 2006இல் அவர் மறைந்தார். 2010இல் கோவையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பயன்தரும் கல்வி, இறந்த பின்னும் நன்மையை ஈட்டித் தரும் என்று நம்புகிறவர்கள் நாம். அதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எழுத்தை மக்கள் கைக்கு எட்டச் செய்யும் முயற்சி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அரபுத் தமிழை வளர்த்தது இதே நோக்கில்தான். அரபு எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைப் புள்ளியிட்டு அமைத்துக்கொண்டனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்தைத் தனியே கற்காமலே, மார்க்க நூல்களைத் தமிழில் படித்தறிந்தனர். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ஆக்கங்கள் அவ்வழியே இல்லங்களை அடைந்தன. ஆனால் அந்த எழுத்தைப் படிப்போர் குறைந்தபோது, பல வீடுகளில் அந்நூல்கள் பரணில் உறங்கலாயின. ஒரு தலைமுறை எழுதியதை மறு தலைமுறை படிக்க முடியாமற் போவதன் இழப்பை நாம் முன்பே கண்டிருக்கிறோம்.

வட சென்னை வாசிகளுக்கு இதனை விளக்கக் கண்முன்னே ஓர் உவமை உண்டு. முற்காலத்தில் கப்பலில் வந்த மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, எண்ணி, மீண்டும் லாரியிலோ இரயிலிலோ ஏற்றுவர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சேதமும் இழப்பும் நேரும். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்ட பின் இம்முறை மாறியது. அளவு தரப்படுத்தப்பட்ட ஒரே பெட்டி, பிரிக்கப்படாமலே கப்பலிலிருந்து லாரிக்கும் இரயிலுக்கும் மாறுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் சுமப்பது அப்பெட்டிகளையே. ஒருங்குறியும் அத்தகைய பெட்டியே. கணினியில் எழுதியது கைப்பேசியிலும், கைப்பேசியில் எழுதியது மகனின் மடிக்கணினியிலும் சிதையாமல் இறங்க வேண்டுமாயின், பெட்டியின் அளவு பொதுவானதாக இருத்தல் வேண்டும்.

ஆகவே எழுதுவதற்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையோ விலையையோ முதலில் பார்க்க வேண்டா. அது ஒருங்குறியில் எழுதுகிறதா என்பதே முதற்கேள்வி. தமிழ்99, அஞ்சல் போன்ற விசைமுறைகளுள் பழகிய ஒன்று கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. எழுதியதை வேறு மென்பொருளும் திறக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்பது மூன்றாவது. நமக்கென நான்காவது கேள்வியும் உண்டு: இடமிருந்து வலம் செல்லும் தமிழும், வலமிருந்து இடம் செல்லும் அரபும் ஒரே வரியில் பிறழாமல் நிற்கின்றனவா? பழைய எழுத்துருக்களில் இது பெரும்பாடு. ஒருங்குறியிலோ இரு திசைக்கும் விதி உண்டு. நபிகளார் மீது கூறும் ஸலவாத்தும், பிஸ்மில்லாஹ்வும்கூட முழுத் தொடராகத் தனித்தனி இடம் பெற்றுள்ளன. ஒரு வரியைக் கணினியில் எழுதி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் திறந்து பார்த்துவிட்டால் நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பழைய கோப்புகள் வைத்திருப்போர் மனம் தளர வேண்டா. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபு விவரங்கள், ஆலிம்களின் பயான் குறிப்புகள் எனப் பல இன்னும் பழைய எழுத்துருக்களில் சிறைப்பட்டிருக்கலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. மாற்றியபின் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவதும், தாளில் ஒரு படி எடுத்து வைப்பதும் அவசியம்.

அத்தாவின் கோப்பையும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியே எங்களுக்குத் திறந்து தந்தது. திருவொற்றியூரில் வசித்த பழைய உடன்பணியாளர் ஒருவருக்கு 12,000 ரூபாய் தரவேண்டியிருந்தது. அவரும் அதற்குள் மறைந்துவிட்டார். அவர் மனைவியிடம் தொகையைக் கொடுத்தபோது, அப்படியொரு கடன் இருந்ததையே தாம் அறியவில்லை என்றார் அந்த அம்மையார். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு குறுந்தகடு கிடக்கலாம். இன்றே அதைத் திறந்து பாருங்கள். அதில் பிறருடைய உரிமை ஒன்று எழுதப்பட்டிருக்கக்கூடும். நம் எழுத்தும் அமானிதமும் உரியவரைச் சேர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.