கேட் தேர்வு: அமைப்பும் மதிப்பிடும் முறையும்

இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐஐஎம்-கள் தங்கள் எம்பிஏ படிப்புக்கு ஆள் எடுக்க ஆண்டுதோறும் நடத்தும் பொது நுழைவுத்தேர்வு கேட். பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வு வேறு, இது வேறு. நடத்தும் பொறுப்பு ஐஐஎம்-களுக்குள் சுழன்று வரும். 2024இல் அது கொல்கத்தா ஐஐஎம்மிடம் இருந்தது. 2011இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்முக்கும், சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறைக்கும் எம்பிஏ சேர்க்கையின் முதல் படி இந்தத் தேர்வுதான். ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் போதும்; பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது.

2003 நவம்பரில் வினாத்தாள் கசிந்ததால் தேர்வு ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி நடந்தது. 2009இல் தேர்வு காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியது. 2015 முதல் 2019 வரை 3 மணி நேரம், 100 கேள்விகள் என்றிருந்தது, 2020இல் 2 மணி நேரமாகச் சுருங்கியது. 2024இல் மொத்தம் 68 கேள்விகள்.

நேரம் மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பகுதிக்கு 53 நிமிடம் 20 விநாடி. ஒரு பகுதியை முன்கூட்டியே முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவ முடியாது. முந்தையதற்குத் திரும்பவும் முடியாது. முதலில் வருவது ஆங்கில வாசிப்பு. 2024இல் இதன் 24 கேள்விகளில் 16, நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்லும் வகை. தேர்வு முழுவதுமே ஆங்கிலத்தில்தான் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கணக்குப் பகுதியிலும் இந்தச் சுமை தொடர்கிறது.

இரண்டாவது பகுதியான தரவு விளக்கமும் தர்க்கமும்தான் பலருக்கும் கண்டம். போட்டித்தொடர் ஒன்றின் அரைகுறைப் புள்ளிப்பட்டியலைக் கொடுத்து, எந்த அணி எதனிடம் தோற்றது என்று கேட்பார்கள். 2024இல் இப்படி ஐந்து தொகுப்புகளில் 22 கேள்விகள் வந்தன. முடிச்சு அவிழ்ந்தால் ஒரு தொகுப்பின் நான்கைந்து கேள்விகளும் சேர்ந்தே கைக்கு வரும். அவிழாவிட்டால் கால் மணி நேரம் வீண். எதைத் தொடாமல் விடுவது என்று முதல் சில நிமிடங்களில் முடிவெடுப்பதே இங்கு உண்மையான சோதனை. மூன்றாவதான கணிதத்தில் எண்கணிதமும் இயற்கணிதமும் மேலோங்கும். பெரும்பாலும் பள்ளிப் பாடம்தான். திரையிலேயே கால்குலேட்டர் உண்டு.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விருப்பங்கள் உள்ள கேள்வியில் தவறினால் 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குக் கழிவு இல்லை. ஆகவே அவற்றை வெறுமனே விடுவது நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 3 கிடைக்கும், மூன்று தவறி 3 போகும், மிச்சம் பூஜ்யம். ஒரு விருப்பத்தையாவது உறுதியாக நீக்க முடிந்தால்தான் துணிவதில் லாபம்.

இப்படி வருவது வெறும் மூல மதிப்பெண். தேர்வு ஒரே நாளில் மூன்று வேளைகளாக, வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடப்பதால், கடினமான தாள் கிடைத்தவர் பாதிக்கப்படாதபடி ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் புள்ளியியல் முறையில் சமன்செய்கிறார்கள். மதிப்பெண் சான்றில் அச்சாவது இந்தச் சமன்செய்த எண்தான். விடைத்தொகுப்பைப் பார்த்து வீட்டில் கூட்டிய எண்ணும் இதுவும் ஒத்துப்போகாதது இதனால்தான்.

அதற்குப் பக்கத்தில் இருக்கும் பர்சன்டைலைச் சதவீதமாகப் படிப்பது வீடுகளில் அடிக்கடி நேரும் குழப்பம். அது எழுதியவர் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும் எண். எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து தரவரிசையைக் கழித்து, அதை எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குகிறார்கள். 2024இல் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அதில் 99 பர்சன்டைல் என்றால் ஏறத்தாழ 2,930ஆம் இடம். 90 என்றால் 29,300ஆம் இடம். மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒட்டி எடுத்தவர்களே பெரும்பாலும் 99ஐத் தொட்டுவிடுகிறார்கள். 100 பர்சன்டைல் என்பதும் முழு மதிப்பெண் அல்ல. இரண்டு தசமத்துக்கு முழுமையாக்குவதால் 99.995ஐத் தொட்டவர் எல்லோருக்கும் 100 என்று வரும். 2.93 லட்சம் பேரில் அந்தக் கோடு பதினான்காம் இடத்தோடு முடிகிறது. அந்த ஆண்டு 100 பெற்றவர்களும் 14 பேர்தான்.

மூன்று பகுதிகளின் பர்சன்டைல்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மொத்தப் பர்சன்டைல் கிடைக்காது. சமன்செய்த மதிப்பெண்களைக் கூட்டி, அதற்குத் தனியாகத் தரவரிசை போடுகிறார்கள். மூன்றிலும் 95 பெற்றவரின் மொத்தம் பெரும்பாலும் 95ஐத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்-ஆஃப் இருப்பதால், கணிதத்தில் 99 எடுத்தவர்கூட ஆங்கிலத்தில் சறுக்கினால் நேர்காணலுக்கு அழைப்பு வராது.

இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குக் கட்-ஆஃப் வேறு. நேர்காணலுக்குப் பிறகான இறுதிப் பட்டியலில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் பணி அனுபவத்தையும் பல ஐஐஎம்-கள் கணக்கில் சேர்க்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஐஐஎம்மின் சேர்க்கை விதிகளைப் படித்துவிடுவது நல்லது. கேட் மதிப்பெண் அடுத்து வரும் ஒரு சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். 2024 தேர்வின் மதிப்பெண் 2025 டிசம்பர் 31 வரை செல்லுபடியானது.