மாபிள் வெடித்தால் யாரைக் கேட்பது?

யாழ்ப்பாணத்தில் 'மாபிள்' என்றால் சலவைக்கல் இல்லை. நிலத்துக்குப் பதிக்கிற ரைல்ஸ் எல்லாமே எங்களுக்கு மாபிள்தான். குடிபூரல் முடிஞ்சு ஆறு மாதம்கூட ஆகேல்லை, விறாந்தையில் ஒரு மாபிள் குறுக்காலே வெடிச்சிருக்கும். வீட்டுக்காரர் கடையைச் சொல்லுவார். கடைக்காரர் மேசனைச் சொல்லுவார். மேசன், "சாமான் சரியில்லை அண்ணை" என்பார். கனடாவில் இருந்து காசு அனுப்பினவர் வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துப்போட்டு எல்லாருக்கும் ஏசுவார். முந்தியும் நிலம் வெடிச்சதுதான். ஆனால் இப்படி ஒரு வழக்கு நடந்ததில்லை.

சாணி மெழுகின மண் நிலம் வெடிக்கிறதும் திரும்ப மெழுகுறதும் கிழமை தோறும் நடக்கிற வேலை. மண்ணும் சாணியும் வளவுக்குள்ளேயே கிடைக்கும். மெழுகினது பெண்கள், அதுக்குக் கூலியும் இல்லை, வேலை என்ற பெயரும் இல்லை. "அந்தக் கால வீடு என்ன குளிர்மை" என்று ஏங்கிற ஆம்பிளையளில் எத்தனை பேர் முழங்காலில் இருந்து ஒரு அறையாவது மெழுகியிருப்பினம்?

பிறகு சீமெந்து. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் அடியில் கிடக்கிற சுண்ணாம்புக்கல்லே அதன் மூலப்பொருள். வசதியான வீடுகளில் சிவப்பு, பச்சை நிறம் கலந்து மினுக்கின நிலம் வந்தது. அந்த நிலத்தில் சதுரம் சதுரமாகக் கோடு கீறியிருப்பார்கள். அது வெறும் அழகுக்கு இல்லை. சீமெந்து காயேக்கை சுருங்கும். வெடிக்கிறதென்றால் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். வெடிப்புக்கு முன்கூட்டியே வழி விட்ட நிலம்.

1990இல் போரால் தொழிற்சாலை நின்றது. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலிலும் சீமெந்து ஏறியது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமமே வெறிச்சோடியது. வலி வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள் போர் முடிந்து பல வருடத்துக்குப் பிறகுதான் துண்டு துண்டாக விடுபட்டன, சில இன்னும் விடுபடவில்லை. திரும்பிப் போன பலருக்குக் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணத்தையும் பத்தைக்குள் கிடந்த நிலத்தையும் வைத்துத்தான் "இது எங்கட சாமியறை" என்று கண்டுபிடித்தார்கள். வெடித்த நிலம் உறுதிப் பத்திரத்துக்குச் சமமாக நின்ற இடம் அது.

2012இல் வேகமெடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5,50,000 ரூபா, கட்டங்கட்டமாக. அந்தக் காசில் மாபிள் கனவுதான். வீட்டை முடிக்கவே கடன்பட்டவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுக் காசு வந்த பக்கத்து வளவில் மட்டும் நிலம் பளபளத்தது. அங்கேயும் குடிபூரலுக்கு நாள் வைத்த பிறகுதான் நிலவேலை தொடங்கும். அவசரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஏனென்றால் மாபிள் தானாக வெடிக்கிறது அரிது. அத்திவாரத்துக்குள் நிரப்பின மணல் தண்ணி விட்டு இறுக்கப்படாவிட்டால் நிலம் இருத்தும். கொங்கிறீற் காயமுன்னம் பதிச்சால் அது சுருங்கேக்கை மாபிளையும் இழுக்கும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் மட்டும் கலவையை அப்பிப் பதிச்சால் இடையில் வெறும் காத்து. ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கோ, பொள்ளல் சத்தம் கேட்கும். ஒரு மாபிள் மட்டும் வெடிச்சிருந்தால் பெரும்பாலும் இந்தப் பொள்ளல், இல்லாட்டி அம்மிக்குழவி விழுந்திருக்கும். ஒரே வெடிப்பு நாலைந்து மாபிளைத் தாண்டிப் போனால் கீழ் நிலமே வெடிச்சிருக்கு. மேலே புதுசு வைத்தாலும் திரும்ப வெடிக்கும்.

ஒன்றை மட்டும் மாத்திறதென்றால் முதலில் சுத்திவர இருக்கிற இடைவெளிப் பூச்சை வெட்டவேணும். பிறகு நடுவில் இருந்து வெளிப்பக்கமாகச் சிராய் சிராயாக உடைச்சு, பழைய கலவையை அடியோடு சுரண்டி, முழு அடியிலும் பசை பூசி வைக்கவேணும். அரை நாள் வேலை. கஷ்டம் அதே மாபிளைத் தேடுறதில்தான். ஒரே பெயர், ஒரே கடை என்றாலும் வேற சூளைத் தொகுதி என்றால் நிறம் ஒரு பிடி மாறும். 2020இல் அந்நியச் செலாவணிக்காக ரைல்ஸ் இறக்குமதியை அரசு மட்டுப்படுத்தினபோது, கட்டுற வீட்டுக்கே மாபிள் தேடி அலைஞ்சவை.

அதனால் இப்ப விபரம் தெரிஞ்ச மேசன்மார் கணக்குக்கு மேலே ஒரு பெட்டி வாங்கச் சொல்லுகினம். அதை அடுப்படித் தட்டுக்கு மேலே போட்டு வையுங்கோ, தொகுதி இலக்கம் அடிச்ச மட்டையோட.