பேரிடர் நிவாரணத்தில் தரவுப் பயன்பாடு (சென்னை)

பேரிடரில் உயிரையோ வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்களுக்கு அரசு தரும் பணம் தமிழ்நாட்டு அரசாணைகளில் நிவாரணம், கருணைத்தொகை என்ற பெயர்களில் வழங்கப்படுகிறது. அதை யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில் தருவது என்று முடிவுசெய்யக் குடும்ப அட்டை, இறப்புப் பதிவேடு, படகுப் பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய விவரங்களை அரசு பயன்படுத்துகிறது. மாநில அளவில் இந்தப் பணியின் தலைமையிடம், திருவல்லிக்கேணியை ஒட்டிய சேப்பாக்கத்தில், காமராசர் சாலையில் உள்ள எழிலகம். 2004ஆம் ஆண்டின் சுனாமி முதல் 2023ஆம் ஆண்டின் மிக்ஜாம் புயல் வரை சென்னையில் நிவாரணம் வழங்கப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: அரசிடம் ஏற்கெனவே இருக்கும் ஆவணம், பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போகப் பயன்பட்ட இடத்தில் நிவாரணம் கருணையோடு சேர்ந்தது, அவரைத் திருப்பி அனுப்பப் பயன்பட்ட இடத்தில் துயரம் இரட்டிப்பானது.

சட்ட அடிப்படை

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உயிரிழப்புக்கான கருணைத்தொகை உள்ளிட்ட குறைந்தபட்ச நிவாரணத் தரங்களை வகுக்கத் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தைப் பணிக்கிறது. 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டத் தடை விதிக்கிறது. பொய்யான தகவல் தந்து நிவாரணம் பெறுவோருக்கு 52ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. மோசடியைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு இருப்பதால், மோசடி நடக்கலாம் என்ற அச்சத்தைக் காட்டி எல்லா விண்ணப்பதாரர்களையும் சந்தேகத்தோடு நடத்தத் தேவையில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு உதவிகளை வழங்குவதற்காகக் குடிமக்களின் விவரங்களைக் கையாள, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்குத் தனி அனுமதி தருகிறது. அந்த அனுமதியோடு கடைப்பிடிக்க வேண்டிய தரங்களையும் விதிக்கிறது. ஆதார் எண் ஒதுக்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தர வேண்டும் என்று ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது.

இடமும் அமைப்பும்

வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையரகமும், உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையரகமும் எழிலக வளாகத்திலேயே இயங்குகின்றன. மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையமும் இங்குதான் இருக்கிறது. அதன் கட்டணமில்லா எண் 1070. நிவாரணம் வழங்கும் துறையும், மாநிலம் முழுவதற்கும் குடும்ப அட்டைப் பட்டியலைப் பராமரிக்கும் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சென்னையில் நிவாரணம் ரேஷன் கடை வழியாக நடப்பதற்கு இந்தப் பட்டியலே அடிப்படை.

சுற்றுப்புறத்தில் பாதிப்பு எவ்வளவு வேறுபடும் என்பதற்கும் இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. கடற்கரையோரம் அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகள் உள்ளன. உள்ளே பெரிய தெருவையும் பாரதி சாலையையும் சுற்றி, வெளியூர் இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்கள் நெருக்கமாக நிற்கின்றன. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தாழ்வான தெருக்களில் வாடகைக் குடித்தனங்கள் அதிகம். ஒரே மழையில் மீனவர் வலையை இழக்கிறார். வாடகைதாரர் அரிசியையும் துணிமணியையும் இழக்கிறார். மேன்ஷன்வாசி சான்றிதழ்களை இழக்கிறார். இந்த மூவரையும் ஒரே பட்டியலில் கண்டுபிடிக்க முடியாது.

வரலாறு

2004, சுனாமி: டிசம்பர் 26 அன்று மெரினா கரையைத் தாக்கிய அலையில் சென்னையில் மட்டும் சுமார் 200 பேர் உயிரிழந்தனர். இறந்தவரின் குடும்பத்துக்கு மாநில அரசு 1 லட்சம் ரூபாயும், பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1 லட்சம் ரூபாயும் வழங்கின. தொழில் இழப்பைக் கணக்கிடும்போது படகும் வலையும் யார் பெயரில் இருந்தன என்பதே அளவுகோலாக இருந்தது. பங்குக்கும் கூலிக்கும் கடலுக்குப் போகிறவர்களும், கூடையில் மீன் விற்கும் பெண்களும் அந்தப் பதிவில் இடம்பெறுவதில்லை. சொத்துப் பதிவேட்டை மட்டும் வைத்து இழப்பை அளந்தால், சொத்தில்லாதவர் இழந்தது கணக்கில் வராது.

2015, பெருவெள்ளம்: டிசம்பர் தொடக்கத்தில் பெய்த கனமழையில் அடையாறு கரைபுரண்டது. குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்து, கணக்கு எண்கள் சரிபார்க்கப்பட வேண்டியிருந்ததால் பணம் சேர வாரங்கள் பிடித்தன. விடுபட்டதாகப் பல தெருக்களிலிருந்து புகார்கள் எழுந்தன. இதே வெள்ளத்தில் ஒரு நல்ல முன்னுதாரணமும் உருவானது. நீரில் போன கல்விச் சான்றிதழ், பட்டா, எரிவாயு இணைப்பு ஆவணம் முதலியவற்றின் நகலைக் கட்டணமின்றித் தர அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. ஆவணம் காட்டினால்தான் உதவி என்று சொல்வதற்கு முன்பு, ஆவணத்தையே மீட்டுத் தருவதை நிவாரணமாகக் கொண்ட ஏற்பாடு அது.

2017, ஒக்கிப் புயல்: இது சென்னைக்கு வெளியே நடந்தாலும் ஆவணப் பாடம் இங்கும் பொருந்தும். கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் ஆழ்கடலில் காணாமல் போனார்கள். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி ஒருவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கணவன் திரும்பவில்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை என்ற நிலையில் நின்ற பெண்களை அந்த விதியிடம் விட்டுவிடாமல், விசாரணைக்குப் பின் இறந்தவராகக் கருதும் தனி நடைமுறையை அரசு கையாண்டது. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது.

2020–2022, கொரோனா: இரண்டு பதிவேடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் என்ன நேரும் என்பதை இக்காலம் காட்டியது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல கொரோனா மரணங்கள் மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் இல்லை என்பது 2020 ஜூனில் வெளிப்பட்டது. மருத்துவர் வடிவேலன் தலைமையிலான குழு இரு பட்டியல்களையும் ஒப்பிட்டது. அதன் பரிந்துரைப்படி ஜூலை 22 அன்று 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அன்று அது புள்ளிவிவரத் திருத்தமாகத் தெரிந்தது. மறு ஆண்டு இழப்பீடு அறிவிக்கப்பட்டபோதுதான் இறப்புப் பதிவில் ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்ற தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதலை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4 அன்று ஏற்றது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது, ஆய்வில் தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு கணக்கில் சேரும், மறுக்கப்பட்டவர் முறையிட மாவட்டந்தோறும் குழு வேண்டும் என்பவை அந்த உத்தரவின் சாரம். 2022இல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பதிவான மரணங்களின் விவரங்களை மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களிடம் தந்து, விண்ணப்பிக்காத குடும்பங்களைத் தேடிப் போகச் சொன்னது. தகுதி உள்ளவர் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல், கேட்கத் தெரியாதவரைத் தேட அரசின் பட்டியலைப் பயன்படுத்தச் சொன்ன உத்தரவு இது. இந்திய நிவாரண நடைமுறையில் இதைவிடச் சிறந்த தரவுப் பயன்பாட்டைக் காண்பது அரிது.

2023, மிக்ஜாம் புயல்: டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழைக்குப் பின், சென்னை மற்றும் அண்டை மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாக வழங்கப்படும் என்று அரசு டிசம்பர் 9 அன்று அறிவித்தது, 17ஆம் தேதி வழங்கல் தொடங்கியது. உயிரிழப்புக்கான தொகை 4 லட்சத்திலிருந்து 5 லட்சமாகவும், சேதமடைந்த குடிசைக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகவும், முழுதாகச் சேதமடைந்த கட்டுமரத்துக்கு 32,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. தொகையை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று கோரி வழக்குத் தொடரப்பட்டது; ரொக்க வழங்கலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கவில்லை.

வழங்கும் முறை

மிக்ஜாம் நிவாரணத்தில் புதிய கணக்கெடுப்புக்குக் காத்திராமல், ஏற்கெனவே இருந்த குடும்ப அட்டைப் பட்டியலே அடிப்படையானது. ரேஷன் கடை ஊழியர்கள் வீடு தேடிச் சென்று டோக்கன் கொடுத்தார்கள். எந்தக் கடை, எந்த நாள், எந்த நேரம் என்பது அதில் இருந்தது. முதியவர் ஒருவருக்கு அந்தச் சீட்டு பெரிய நிம்மதி. விடியற்காலையில் வந்து வரிசையில் உட்கார வேண்டியதில்லை, யாரிடமும் சிபாரிசுக்குப் போக வேண்டியதில்லை. அறிவிப்புக்கும் வழங்கலுக்கும் இடையே 8 நாட்களே ஆயின.

பட்டியலில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வைக்கப்பட்டது. குடும்ப அட்டை இல்லாதவர்களும், சர்க்கரை அட்டைதாரர்களும், வருமான வரி செலுத்துவோரும் தங்கள் பாதிப்பையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுதி ரேஷன் கடையிலேயே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. எந்தப் பட்டியலும் முழுமையானதல்ல என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது.

விடுபடுவோர்

குடும்ப அட்டை என்பது ஒரு முகவரியில் வாழும் குடும்பத்தின் பதிவு. அதற்குள் அடங்காத வாழ்க்கைகள் நகரில் ஏராளம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் இளைஞரின் பெயர் சொந்த ஊரில் பெற்றோரின் அட்டையில் இருக்கும். வீடு மாறிய வாடகைதாரரின் அட்டை பழைய பேட்டையின் கடையில் இருக்கும். ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்து வாழும் மூன்று குடும்பங்களுக்கு ஒரே அட்டை இருப்பதும் உண்டு. நடைபாதையில் வாழ்வோர், பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்ட திருநங்கையர், கணவனைப் பிரிந்து வந்த பெண்கள் ஆகியோருக்கு அட்டையே இல்லாமல் இருக்கலாம்.

கருவியாலும் சிலர் விடுபடுகிறார்கள். ரேஷன் கடையின் பிஓஎஸ் கருவியில் விரலை வைத்தால் ரேகை பதிவாக வேண்டும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கைகளிலும், வலை இழுத்துக் காய்த்துப்போன விரல்களிலும், வயதானவர்களின் தேய்ந்த ரேகையிலும் கருவி தோற்றுப்போகிறது. அப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டோ வேறு அடையாளத்தைப் பார்த்தோ பணத்தைக் கொடுக்கும் அதிகாரம் கடையில் இருப்பவருக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் கருவியின் குறைக்கு அந்த முதியவர் தண்டனை அனுபவிக்கிறார்.

தனியுரிமை

நிவாரணத்துக்காக ஒருவர் தரும் விவரங்கள், அவர் வாழ்வின் மிக மோசமான வாரத்தில் தரப்படுபவை. பசித்த வயிற்றோடு படிவத்தில் கையெழுத்திடுகிறவருக்கு மறுக்கும் சுதந்திரம் பெயரளவில்தான் உண்டு. அதனால் காக்கும் பொறுப்பு வாங்குகிறவருக்குக் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2021இல் தெரிவித்தது.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் அறிவித்தது. ஆதரவற்ற குழந்தையிடம் பணம் இருக்கிறது என்ற செய்தி தவறான கைக்குப் போனால், உதவியே ஆபத்தாக மாறும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை விதிப்பதன் அவசியம் இங்கே விளங்கும். தொற்று வந்த வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்புகள் அக்கம்பக்கத்தாரின் ஒதுக்குதலுக்கு இடம்கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கருத்தில் கொண்டு, தகுதியுள்ள அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் அவற்றை ஒட்டக் கூடாது என்றது.

பிற நாடுகளில்

1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர, ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையம் 1991இல் ஜெனீவாவில் அமைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்போது எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பியவர்கள். உடுத்த துணியோடு வந்தவரிடம் ரசீது கேட்பது கொடுமை என்பதால், நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு நிலையான தொகை வகுக்கப்பட்டது. பயண, குடியேற்றப் பதிவுகளை ஆணையமே திரட்டி விண்ணப்பங்களோடு கணினியில் ஒப்பிட்டது. சுமார் 27 லட்சம் கோரிக்கைகளைக் கையாண்ட ஆணையம், ஏறத்தாழ 5,240 கோடி அமெரிக்க டாலர் வழங்கி 2022இல் பணியை முடித்தது.

நெதர்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. குழந்தைப் பராமரிப்பு உதவியில் மோசடியைத் தேடிய வரித்துறை, குடியுரிமை விவரத்தையும் சந்தேகக் குறியாகப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் தவறாகக் குற்றம்சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கினர். 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவை பதவி விலகியது.

நல்ல நடைமுறையின் கூறுகள்

சென்னையின் அனுபவத்திலிருந்து சில நெறிகள் திரள்கின்றன. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் சான்றைப் பாதிக்கப்பட்டவரிடம் திரும்பக் கேட்கக் கூடாது. பட்டியலோடு மேல்முறையீட்டு வழியும் அதே நாளில் அறிவிக்கப்பட வேண்டும். மறுப்பு எழுத்தில், தமிழில், காரணத்தோடு தரப்பட வேண்டும். நிவாரணத்துக்கு வாங்கிய விவரம் வேறு வேலைக்குப் போகக் கூடாது. தேவை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். இரு துறைகளின் பதிவேடுகளை ஒப்பிடும் பணியை, 2020இல் நடந்ததுபோல் சர்ச்சைக்குப் பின் செய்யாமல், ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

வழங்கிய தொகையும் பயன்பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் அறிவிக்கப்படுகின்றன. அவற்றோடு எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, ஏன் மறுக்கப்பட்டன, மேல்முறையீட்டில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதும் வார்டு வாரியாக, பெயர்கள் இல்லாமல் வெளியிடப்பட்டால், எந்தத் தெருவில் யார் விடுபடுகிறார் என்பது அடுத்த மழைக்கு முன்பே அரசுக்கும் மக்களுக்கும் தெரிந்துவிடும்.