கணக்கில் முந்துவது எது?

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்காசிரியனாக இருந்தபோது, அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வினாத்தாளில் ஒரு சிறு கணக்கு இருந்தது: 24 ÷ 4(1 + 2). அடைப்புக் குறிக்குள் இருப்பவற்றை முதலில் கூட்டினால் 3 வரும். அதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்குமேல் வழி இரண்டாகப் பிரிகின்றது. இடமிருந்து வலமாகச் சென்று, 24-ஐ 4-ஆல் வகுத்து, வந்த 6-ஐ 3-ஆல் பெருக்கினால் விடை 18. நான்கையும் மூன்றையும் முதலில் பெருக்கி, வந்த 12-ஆல் 24-ஐ வகுத்தால் விடை 2. எனக்குக் கொடுத்திருந்த விடைக் குறிப்பில் 18 என்று இருந்தது. ஒரு மாணவி 2 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டு அடுத்த தாளுக்குச் சென்றேன்.

மறுநாள் அவள் தாளும் கையுமாக வந்து நின்றாள். "விதி அப்படி, அம்மா; பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து வந்தால் இடமிருந்து வலமாகத்தான் செய்யவேண்டும்" என்றேன். அவள் நகரவில்லை. "சென்ற வாரம் இயற்கணித வகுப்பில் 12அ² ÷ 3அ என்னும் கணக்கை நீங்கள்தாம் போட்டுக் காட்டினீர்கள், ஐயா. அங்கே மூன்றையும் அ-வையும் ஒன்றாகக் கொண்டு 4அ என்று எழுதினீர்கள். இடமிருந்து வலமாகச் சென்றிருந்தால் 4அ³ என்றல்லவா வந்திருக்கவேண்டும்? அங்கே ஒரு விதி, இங்கே ஒரு விதியா?" என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. "குறிப்பில் உள்ளதுதான் விடை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு மதிப்பெண்ணால் அவள் வகுப்பில் முதலிடத்தை இழந்தாள். அவளுடைய கேள்வியோ என்னை விட்டுப் போகவில்லை. இந்த விதியை வகுத்தவர் யார்? எப்பொழுது வகுத்தார்? யார் ஒப்புக்கொண்டார்கள்? பிற்காலத்தில் நூல்களைத் தேடிப் படித்து நான் அறிந்துகொண்டவற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மூன்றும் நான்கும் ஏழு என்பது மனிதர்கள் கூடி முடிவு செய்த செய்தி அன்று. அது என்றும் உள்ள உண்மை. ஆனால் 2 + 3 × 4 என்று ஒருவர் எழுதினால், அது 14-ஐக் குறிக்கின்றதா, 20-ஐக் குறிக்கின்றதா என்பது எழுத்து வழக்கைப் பொறுத்தது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. பிரான்சு நாட்டில் வலப்பக்கம் செல்கின்றன. இரண்டிலும் பிழை இல்லை. ஒரே சாலையில் இரண்டு வழக்குகளும் கலந்தால்தான் விபத்து நேர்கின்றது. கணக்கின் வரிசைமுறையும் அத்தகைய வழக்கே.

பழங்காலத்தில் இத்தகைய குழப்பத்திற்கே இடமில்லை. அக்காலத்தவர் கணக்கைச் சொற்களால் சொன்னார்கள். 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் ஒரு கணக்கு வருகின்றது. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கவேண்டும். வந்ததோடு அதன் முக்காற் பங்கைச் சேர்க்கவேண்டும். ஏழால் வகுத்து, ஈவில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கவேண்டும். அதன் வர்க்கத்திலிருந்து 52-ஐ நீக்கி, வர்க்கமூலம் கண்டு, எட்டைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 2 வரும். அந்த எண் 28. இத்தனை படிகள் இருந்தும் எது முன், எது பின் என்று எவரும் மயங்கவேண்டியதில்லை. சொல்லின் வரிசையே செயலின் வரிசையாக அமைந்துவிடுகின்றது.

நம் தமிழில் இந்த வசதி இன்னும் சிறப்பாக அமைந்திருக்கின்றது. "இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்குக" என்றால் விடை 20 ஒன்றே. "மூன்றை நான்கால் பெருக்கி இரண்டைக் கூட்டுக" என்றால் விடை 14 ஒன்றே. கூட்டி, பெருக்கி என்னும் வினையெச்சங்களே அடைப்புக் குறியின் வேலையைச் செய்துவிடுகின்றன. வானொலியில் பேசும் நான் அடைப்புக் குறியை உங்களுக்குக் காட்ட இயலாது. ஆயினும் "இரண்டு கூட்டல் மூன்று" என்று சொல்லிச் சற்றே நிறுத்தி, அதன்பின் "பெருக்கல் நான்கு" என்றால் என் கருத்து விளங்கிவிடும். நாவுக்கு நிறுத்தம் இருக்கின்றது. தாளில் எழுதிய குறிகளுக்கு அந்த நிறுத்தம் இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

இன்று பள்ளிப் பிள்ளைகள் எழுதும் குறிகள் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒருவர் கையால் பிறந்தவை அல்ல. கூட்டற்குறியும் கழித்தற்குறியும் 1489-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் யோகான் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில் அச்சேறின. சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் இங்கிலாந்தில் அறிமுகம் செய்தார். பெருக்கற்குறியை 1631-இல் வில்லியம் ஆட்ரெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நூலில் வழங்கினார். வகுத்தற்குறி 1659-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் ரான் எழுதிய இயற்கணித நூலில் வந்தது. அதே குறியை ஐரோப்பாவின் வேறு சில பகுதிகளில் கழித்தலுக்கு வழங்கிவந்தார்கள் என்றால், நிலைமை எவ்வளவு குழம்பியிருந்தது என்று பாருங்கள்! பல ஊர்களிலிருந்து வந்து ஒரே சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கர்களைப் போல இக்குறிகள் ஒன்றுகூடின. யார் முந்துவது, யார் பிந்துவது என்று அவற்றிற்கு எவரும் முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை.

பெருக்கல் கூட்டலை முந்தும் என்னும் வழக்கு எந்தச் சபையும் கூடிச் செய்த தீர்மானம் அன்று. இயற்கணித எழுத்துமுறையிலிருந்து தானே முளைத்தது. 1637-இல் தேக்கார்த்து வெளியிட்ட வடிவியல் நூலில் பெருக்கவேண்டியவற்றை நெருக்கி அருகருகே எழுதும் முறையைக் காண்கின்றோம். 3அ + 2ஆ என்று எழுதினால், ஒட்டி நிற்பவை ஓர் உருவாகவும், கூட்டற்குறி இரண்டு உருவங்களை இணைக்கும் பாலமாகவும் கண்ணுக்குத் தோன்றுகின்றன. கண்ணுக்குத் தோன்றிய அதுவே நாளடைவில் விதியாயிற்று. இந்த வழக்கில் பூசல் பெரிதாக எழவில்லை.

கூட்டலை முதலில் செய்யவேண்டிய இடங்களுக்கு வேறோர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அந்தத் தேவையே அடைப்புக் குறியைப் பெற்றது. 1484-இல் நிக்கோலா சூக்கே என்னும் பிரெஞ்சுக் கணிதர் தம் கையெழுத்து நூலில், ஒன்றாகக் கொள்ளவேண்டியவற்றின் அடியில் கோடு இழுத்தார். 1556-இல் இத்தாலியரான தார்த்தாலியா பிறை போன்ற அடைப்புக் குறிகளை அச்சில் வழங்கினார். 1572-இல் பொம்பெல்லி, 'எல்' என்னும் உரோம எழுத்தை முன்னும், அதனைத் திருப்பிப் போட்ட வடிவைப் பின்னும் வைத்தார். வேறு பலர் எண்களின் தலைக்குமேல் கோடிட்டனர். தேக்கார்த்து அந்த மேற்கோட்டை வர்க்கமூலக் குறியோடு இணைத்துவிட்டார். நாம் இன்றும் மூலக்குறிக்கு மேலே நீட்டும் கோடு அந்தப் பழைய அடைப்பின் எச்சமே. அது வெறும் அழகுக்காக இட்ட கோடு அன்று. 9 + 16 முழுவதன்மேலும் கோடு நீண்டால் மூலம் 5; ஒன்பதின்மேல் மட்டும் நின்றால் கூட்டுத்தொகை 19.

மேற்கோடு எழுதுவோருக்கு எளிது. அச்சுக் கோப்போருக்கோ பெருந்தொல்லை. எழுத்துகளை வரிசையில் அடுக்கியபின், அவற்றின் தலைமேல் அளவான ஈயக் கோட்டை அசையாமல் பொருத்தவேண்டும். பிறை அடைப்பென்றால் மற்ற எழுத்துகளைப்போல வரிசையிலேயே நின்றுகொள்ளும். 1708-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்து அறிஞர் ஏடாகிய 'ஆக்டா எருடிடோரம்', இனி மேற்கோட்டைக் காட்டிலும் அடைப்புக் குறியையே விரும்பி வழங்குவோம் என்று அறிவித்தது. அது லைப்னிட்சின் குறியீட்டு முறையைத் தழுவிய அறிவிப்பு. அறிஞர் விரும்பியதும் அச்சகத்தாருக்கு இசைந்ததும் ஒன்றாயிருந்தமையால் பிறை அடைப்பு வென்றது. ஆயினும் மேற்கோடு முற்றும் மறையவில்லை. நம் நாட்டுக் கணக்குப் புத்தகங்களில் 'சுருக்குக' என்னும் தலைப்பின்கீழ், முதலில் மேற்கோடு, அடுத்துப் பிறை, அடுத்து நெளிவு, அதன்பின் சதுரம் என்று நால்வகை அடைப்புகளைப் படித்தவர்கள் அதன் முகத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

இனி, தீராத வழக்கிற்கு வருவோம். கூட்டலும் பெருக்கலும் சந்தித்தால் எது முந்தும் என்பது தெரிந்துவிட்டது. வகுத்தலும் பெருக்கலும் சந்தித்தால்? ஆங்கிலேயர் வழிவந்த நம் பள்ளிகளில் 'போட்மாஸ்' என்னும் சூத்திரத்தை மனப்பாடம் செய்வித்தார்கள். அதில் வகுத்தல் பெருக்கலுக்கு முன்னே நிற்கின்றது. அமெரிக்கப் பிள்ளைகள் 'பெம்டாஸ்' என்று படிக்கின்றார்கள். அதில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னே நிற்கின்றது. இரண்டும் ஒரே தரத்தன, இடமிருந்து வலமாகச் செய்க என்பதே இரு சூத்திரங்களின் கருத்தும். ஆனால் சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்து உரையை மறந்த பிள்ளை, 10 − 3 + 2 என்பதிலும் கூட்டலே முன்னே வருகின்றது என்று எண்ணி, 9 என்னும் விடைக்குப் பதில் 5 என்று எழுதிவிடும். நினைவுக்குத் துணையாகச் செய்தது அறிவுக்குத் தடையாகிவிடுவதும் உண்டு.

அந்த மாணவி கேட்ட கேள்வியை அவளுக்கு நெடுங்காலம் முன்னரே ஒருவர் கேட்டிருக்கின்றார் என்பதை அறிந்தபோது நான் வியந்தேன், வெட்கமும் அடைந்தேன். 1917-ஆம் ஆண்டில் லென்னிஸ் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி' என்னும் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். இடமிருந்து வலம் என்னும் விதியைப் பாடநூல்கள் சொல்கின்றன; ஆனால் 9அ² ÷ 3அ என்பதை எவரும் அந்த விதிப்படி 3அ³ என்று கொள்வதில்லை, 3அ என்றே கொள்கின்றனர் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஏட்டில் உள்ள விதி ஒன்று, நாட்டில் உள்ள வழக்கு மற்றொன்று என்பதே அவர் முறையீடு. 1923-இல் அமெரிக்காவில் கணிதக் கல்வியைச் சீரமைக்க முற்பட்ட தேசியக் குழு, இயற்கணிதத்தில் வகுத்தற்குறியையே விட்டுவிட்டுப் பின்னமாக எழுதுவது நலம் என்று பரிந்துரைத்தது. 1928-இல் கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய புளோரியன் கஜோரி, பெருக்கலும் வகுத்தலும் கலந்து வருமிடத்தில் எதனை முதலில் செய்வது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை என்று பதிவு செய்தார்.

பொறிகள் வந்தபின் இவ்வழக்கு தீர்ந்திருக்கலாம் என்று எண்ணுவீர்கள். பொறிக்கு ஐயம் கூடாது; ஆகவே அதனைச் செய்வோர் ஏதேனும் ஒரு விதியை வகுத்தே தீரவேண்டும். 1957-இல் வெளிவந்த 'போர்ட்ரான்' என்னும் கணிப்பொறி மொழி பெருக்கலுக்கு முதன்மை தந்தது. பெருக்கற்குறியை விட்டுவிட்டு நெருக்கி எழுதுவதற்கு அது இடந்தரவில்லை. கென்னத் ஐவர்சன் 1962-இல் நூலாக வெளியிட்ட குறியீட்டிலிருந்து வளர்ந்த 'ஏ.பி.எல்.' மொழியோ, எல்லாவற்றையும் வலமிருந்து இடமாகச் செய்தது. அதில் 2 × 3 + 4 என்றால் 14. போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் லுக்கசேவிச், செயற்குறிகளை எண்களுக்கு முன்னே நிறுத்தி அடைப்புக் குறியே வேண்டாத எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். அதனைத் தலைகீழாக்கிய முறை 1972-இல் வந்த ஒரு சட்டைப்பைக் கணக்கிடு கருவியில் இடம்பெற்றது. கடைக்காரர் மேசையிலுள்ள எளிய கருவியில் 2 + 3 × 4 என்று அழுத்தினால் பெரும்பாலும் 20 வரும். மாணவர் கையிலுள்ள அறிவியற் கருவியில் 14 வரும். என் மாணவியின் கணக்கையே அறிவியற் கருவிகளில் இட்டால், சில 18 என்கின்றன. சில 2 என்கின்றன!

2009-இல் உலகத் தரநிர்ணய அமைப்பு, பழைய வகுத்தற்குறியை வழங்கலாகாது என்றும், சாய்கோட்டிற்குப் பின் பெருக்கலோ வகுத்தலோ அதே வரியில் வருமானால் அடைப்புக் குறி இடவேண்டும் என்றும் விதித்தது. இருந்தும் 2019-ஆம் ஆண்டில் 8 ÷ 2(2 + 2) என்னும் கணக்கைப் பற்றி உலகெங்கும் வாதம் மூண்டது. 16 என்பார் ஒரு கட்சி, 1 என்பார் மறு கட்சி. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சுட்ரோகாட்சு 'நியூயார்க் டைம்சு' நாளிதழில் அதனைப் பற்றி எழுதவேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. ஒவ்வொருவரும் தாம் பள்ளியில் கற்றதையே இயற்கையின் சட்டமாகக் கருதி, எதிர்க்கட்சியாருக்குக் கணக்கே தெரியாது என்றனர். நானும் ஒருநாள் அவ்வாறு சொன்னவன்தானே!

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். இருபொருள் படும்படி ஒரு கணக்கை எழுதிவிட்டு, அதற்கு ஒருபொருள் கண்டவரைத் தண்டிப்பது முறையன்று. அங்கே பிழை வாசித்தவரிடம் இல்லை, எழுதியவரிடம் இருக்கின்றது. அடைப்புக் குறி என்பது எழுதுபவர் படிப்பவருக்குக் காட்டும் மரியாதை. ஈயக் கோட்டோடு போராடிய காலத்தில் அது விலையுயர்ந்த மரியாதையாக இருந்தது. இன்று இரண்டு பிறைகளை இடுவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது.

அந்த மாணவிக்கு நான் அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான் விடை கண்டுபிடித்த காலத்தில் அவள் பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அதன்பின் ஓய்வு பெறும் நாள்வரையில், அடைப்புக் குறி இடாமல் அத்தகைய கணக்கொன்றையும் நான் வினாத்தாளில் எழுதியதில்லை. "யார் வகுத்த விதி, ஐயா?" என்று கேட்டு நின்ற பிள்ளை எவரையும் மறுமொழி சொல்லாமல் அனுப்பியதும் இல்லை.