அழிப்பால் பெயர் பெற்ற நினைவு

1996ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் நிதி திரட்டும் கூட்டமொன்றில், டைம் இதழின் புகைப்படக் கலைஞர் டிர்க் ஹால்ஸ்டெட் அதிபர் கிளிண்டனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தினரிடையே வந்த அதிபர் ஓர் இளம்பெண்ணை அணைத்துக்கொண்டார். அன்று அப்பெண்ணைப் பொருட்படுத்தியவர் எவருமில்லை. 1998இல் மோனிகா லெவின்ஸ்கி என்ற பெயர் உலகெங்கும் அடிபட்டபோது, அந்த முகத்தை எங்கோ கண்டிருக்கிறோமே என்ற ஐயம் ஹால்ஸ்டெட்டுக்கு எழுந்தது. பழைய ஸ்லைடுகளை ஆயிரக்கணக்கில் துழாவச் செய்தார். ஒரே ஒரு படம் அகப்பட்டது; அது டைம் இதழின் அட்டையில் ஏறியது. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களும் அதே காட்சியை எடுத்திருந்தார்கள். ஆனால் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள், வேண்டாதவை என்று தோன்றிய படங்களை அப்போதே அழித்துவிட்டார்கள் என்று ஹால்ஸ்டெட் பின்னர் எழுதினார்.

அவர்கள் மேல் குற்றமில்லை. சேமிக்க இடம் குறைவு, விலையோ அதிகம். ஒரு படம் தங்க வேண்டுமானால் இன்னொன்று வெளியேற வேண்டும். மெமரி கார்டின் கொள்ளளவும் வேகமும் கடைக்காரர் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். எந்தக் காட்சி வரலாற்றுக்குக் கிட்டும், எது கிட்டாது என்பதில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

தொடக்கத்தில் அட்டையே இல்லை. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, ஒலிநாடாக் கேசட்டில் படத்தை எழுதியது. பக்கத்துக்கு நூறு புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம்; அதை எழுதி முடிக்க 23 வினாடிகள் பிடித்தன. கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்த காட்சியை எழுத அரை நிமிடத்தை நெருங்கும் காத்திருப்பு! டிஜிட்டல் கேமராவின் வரலாறு முழுவதும் இந்த இடைவெளியோடு நடந்த மல்லுக்கட்டுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. 1991இல் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் கேமராவுக்கு 200 மெகாபைட் வன்தட்டு கொண்ட தனிப்பெட்டி ஒன்று துணையாக வந்தது. படமெடுப்பவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

இதற்குத் தீர்வாக அமைந்த பொருள் ஜப்பானில் பிறந்தது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1984இல் புதுவகை நினைவுச் சில்லு ஒன்றைப் பற்றி அறிவித்தார். மின்சாரம் நின்றாலும் எழுதியது மறையாத சில்லுகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றில் ஒருவகையை அழிக்கப் புறஊதா ஒளியில் நெடுநேரம் காட்ட வேண்டும். இன்னொருவகையை மின்சாரத்தால் அழிக்கலாம் என்றாலும் சிறுசிறு துண்டாகத்தான் அழிக்க முடியும், விலையும் மிகுதி. மசுவோகாவின் சில்லு ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழித்தது. அது கேமராவின் மின்வெட்டொளியை நினைவூட்டுகிறது என்று உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி சொல்ல, ‘ஃபிளாஷ்’ என்ற பெயர் நிலைத்தது. நினைவுக்கென்று செய்த பொருளுக்கு அழிப்பால் பெயர் அமைந்ததும், கேமராவுக்குள் நுழையும் முன்பே கேமராவிலிருந்து பெயர் பெற்றதும் சுவையான முரண்கள். 1987இல் அவரே அறிவித்த ‘நேண்ட்’ வகை, குறைந்த இடத்தில் மிகுதியாகக் கொள்வது. இன்றைய அட்டைகளின் உள்ளீடு அதன் வழிவந்ததே. மசுவோகா தமக்குரிய பங்கு கோரித் தோஷிபாமீது வழக்குத் தொடுத்தார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு அது சமரசமாயிற்று. அவரது கண்டுபிடிப்பு ஈட்டிய செல்வத்தின் முன் அத்தொகை எம்மாத்திரம்?

அடுத்து வடிவப் போர். 1994இல் சான்டிஸ்க் கொணர்ந்த காம்பாக்ட்ஃபிளாஷ், 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்த எஸ்டி, 2002இல் எக்ஸ்டி. இவற்றுள் முதலிரண்டையும் ஒப்பிட்டால் ஒரு பாடம் கிடைக்கிறது. ஸ்மார்ட்மீடியா மெல்லியது, 0.76 மில்லிமீட்டர். நினைவை ஆளும் சில்லு அதில் இல்லை; அந்த வேலையைக் கேமராவே செய்தாக வேண்டும். ஆகவே புதிய, பெரிய அட்டை வந்தால் பழைய கேமரா அதை அறியாது திகைக்கும். 128 மெகாபைட்டோடு அதன் வளர்ச்சி நின்றது. காம்பாக்ட்ஃபிளாஷோ தடித்தது, ஆனால் ஆளும் சில்லைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. சில மெகாபைட்டில் தொடங்கி நூற்றுக்கணக்கான கிகாபைட்டுவரை அதே உருவில் வளர்ந்தது. அதே துளையில் செருகுமாறு ஐபிஎம் 1999இல் ஒரு குட்டி வன்தட்டையே செய்துவிட்டது. எஸ்டி வென்றதற்கோ வேகத்தைவிடப் பலர் அதை ஏற்றதே காரணம் எனலாம். 2010இல் சோனியும் தன் கேமராக்களில் அதற்கு இடம் கொடுத்தது.

இனி வேகம். அட்டையின் மேல் ‘133 எக்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால், அந்த ஒரு எக்ஸ் எதனுடைய வேகம்? பழைய சிடி இயக்கியின் வேகம், அதாவது வினாடிக்கு 150 கிலோபைட். குறுந்தட்டு வழக்கொழிந்த பின்னும் அதன் அளவுகோல் பிழைத்திருக்கிறது. 133 எக்ஸ் என்றால் ஏறத்தாழ 20 மெகாபைட். ஆனால் இவ்வாறு பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். படமெடுப்பவருக்கு வேண்டியதோ எழுதும் வேகம். தொடர்ந்து எடுக்கும் படங்கள் முதலில் கேமராவின் இடைநினைவகத்தில் குவிகின்றன. அட்டை அவற்றை வாங்கிக்கொள்ளத் தாமதித்தால் அது நிரம்பி, கேமரா அடுத்த படத்தை மறுத்துவிடும். கேமராவுக்கு வாரியிறைத்துவிட்டு அட்டையில் சிக்கனம் பிடிப்பது, யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். எஸ்டி அட்டைகளில் வட்டத்துக்குள் காணும் 4, 6, 10 ஆகிய எண்கள் இந்தக் குழப்பத்தைத் தெளிவிக்க வந்தவை. வினாடிக்கு எழுதும் மெகாபைட் இதற்குக் கீழே போகாது என்ற உறுதி அவை. 2016இல் காணொளிக்கென வகுக்கப்பட்ட ‘வி30’, ‘வி90’ குறிகளும் அவ்வகையினவே.

கொள்ளளவும் வேகமும் பெருகிய பின் வேறோர் அச்சம் தலைதூக்கியது. ஒரு நாளின் உழைப்பு முழுவதும் நகத்தளவுப் பொருளில் அடங்கும்போது, அது பழுதானால் எல்லாமே போயிற்று. ஒரே படத்தை இரண்டு அட்டைகளிலும் எழுதும் வசதி 2004இல் கேனன் இஓஎஸ்-1டி மார்க் 2 கேமராவில் இருந்தது. 2018இல் நிக்கான் இசட் 6, இசட் 7 கேமராக்களை ஒரே துளையுடன் வெளியிட்டபோது, திரும்ப நிகழாத சடங்குகளைப் படமெடுத்துப் பிழைப்பவர்களிடமிருந்து முணுமுணுப்பு எழுந்தது. 2020இல் அவற்றின் இரண்டாம் பதிப்புகள் வந்தபோது துளைகள் இரண்டாகியிருந்தன.