ஓரி இருந்தானா?

போன வாரம் கைலாசநாதர் கோயிலில் எங்கள் பென்ஷன்காரர் கூட்டத்துக்குள் ஒரு வாக்குவாதம். இந்தக் கோயிலைக் கட்டியவன் வல்வில் ஓரி என்பது ராசிபுரத்தில் எல்லாரும் அறிந்த கதை. வேட்டைக்கு வந்தவன் ஒரு பன்றியின்மேல் அம்பு விட்டான். அது ஓடி மறைந்த இடத்தில் பார்த்தால் சிவலிங்கம், மேலே அம்பு பட்ட காயம். "எல்லாம் கட்டுக்கதை. ஓரி என்று ஒருத்தன் இருந்ததற்கே என்ன ஆதாரம்?" என்றார் ஒரு நண்பர். தமிழாசிரியராக இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீர் ஆபீசில் ஆதாரம் பார்த்தே காலம் தள்ளியவர், நீர் சொல்லும்" என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ரோலான் என்ற வீரனின் கதையை உருப்போட வைத்தார்கள். ஷார்ல்மாஞ் மன்னனின் படை ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, மலைக்கணவாயில் பின்படையோடு நின்று, கொம்பு ஊதி உயிர் விட்டவன். அந்தப் பாட்டு எழுந்தது சுமார் 300 ஆண்டுகள் கழித்து. பாட்டில் எதிரிகள் அரபுப் படையினர். 778-ல் உண்மையில் மறித்தவர்கள் பாஸ்க் மலைவாசிகள். ஆனாலும் ரோலான் பொய்யில்லை. மன்னனின் வரலாற்றை எழுதிய எயின்ஹார்ட், அங்கே இறந்தவர்களில் ஒருவனாக அவன் பெயரையும் போகிறபோக்கில் சொல்கிறார். பெரிய பாட்டு கொடுக்காத உறுதியை அந்த ஒரு வரி கொடுத்துவிட்டது.

ஓரிக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புறநானூற்றில் வன்பரணர் பாடியது நமக்குத் தெரியும்: ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தது. பரிசு பெற்ற புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதைத் தள்ளி வைப்போம்.

நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்று. ஒரு பரத்தை தெருவில் நடந்து போக, ஊரே ஆரவாரம் செய்கிறது. எப்படி? ஓரியைக் கொன்றுவிட்டு அவன் தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் போல. இது ஓரியைப் புகழும் பாட்டே அல்ல. கபிலர் காரியைப் பாடியவர். ஓரிக்காகச் சாட்சி சொல்ல அவருக்கு அவசியமில்லை. கேட்பவர்களுக்குத் தெரியாத நிகழ்ச்சியை யாராவது உவமையாகச் சொல்வார்களா? அகநானூற்றில் கல்லாடனாரும், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை இடையில் சொல்லிப் போகிறார். அதுவும் காதல் பாட்டுதான்.

இனி அக்கம்பக்கத்தார் சாட்சி. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியும் ஒரு காலத்தில் பாட்டில் மட்டும் இருந்தவன். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அவன் பெயர் முழுசாக இருந்தது. காரியின் மரபான மலையமான்களுக்குக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கொல்லியை வென்ற சேரர்களின் இரும்பொறைக் குடிக்குக் கரூர் அருகே புகளூர்க் கல்வெட்டு உண்டு. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நிஜம். ஜம்பையைப் போல ஓரிக்கு ஒரு கல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையில் இருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதியோர் உதவித்தொகை கேட்டு மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிறப்புப் பதிவு இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. "எங்க வீட்டுப் பலாவை அப்பன் நட்டப்போ நான் இடுப்பு உசரம் இருந்தேனுங்க. ஊருல யாரை வேணாலும் கேளுங்க" என்றார். காகிதம் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கலாம் என்ற வழியை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவர் மறுபடி வரவேயில்லை. காகிதம் இல்லாததால் அவருக்கு வயசே ஆகாமல் போய்விட்டதா?

ஆகவே என் தீர்ப்பு இது. கைலாசநாதர் கோயிலை ஓரி கட்டினான் என்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்; தமிழ்நாட்டில் கல்லால் கோயில் எழுப்பும் வழக்கம் அவனுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தது. ஐந்து உயிரைத் துளைத்த அம்புக்கும் போட மாட்டேன். ஆனால் ஓரி என்பவன் கொல்லியை ஆண்டான், காரி கையால் இறந்தான், மலை சேரனுக்குப் போனது. இந்த மூன்றுக்கும் தயங்காமல் போடுவேன்.

தமிழாசிரியர் நண்பருக்கு முதல் இரண்டில் வருத்தம் இருக்கும். நாளை சாயங்காலம் கோயிலுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.